ரோட்டரி கட்டரும் இடது கையும்: குயில்ட் தைப்பவர்களுக்கு முழுமையான பாதுகாப்பு வழிகாட்டி

வட்டப் பிளேடை உருட்டித் துணி வெட்டும் கருவிதான் ரோட்டரி கட்டர். அதனால் விரலை வெட்டிக்கொண்டவரிடம் எந்தக் கை என்று கேட்டுப் பாருங்கள். வலது கைப் பழக்கம் உள்ளவர் பெரும்பாலும் இடது கையைத்தான் நீட்டுவார். கட்டர் பிடித்த கை எப்போதும் பிளேடுக்குப் பின்னால் இருக்கிறது. துணியின் மேல் ஸ்கேலை அமுக்கிக்கொண்டிருக்கும் கைதான் பிளேடு ஓடும் பாதையின் ஓரத்தில் இருக்கிறது. ஆனாலும் கட்டர் வாங்கியவுடன் எல்லோரும் பழக்குவது வலது கையைத்தான்: எப்படிப் பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது, எவ்வளவு வேகமாக ஓட்டுவது என்று. இந்த வழிகாட்டியில் இடது கைக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் கைகளை மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் துணிக்குப் பஞ்சமில்லை. பர்கூரில் வரிசையாக ஜவுளிக் கடைகள்; ஓசூர் பக்கம் ஆயத்த ஆடை ஆலைகள்; வீட்டுப் பெட்டியில் பழஞ்சேலைகள். பழஞ்சேலையை மடித்து அடுக்கி, கையால் ஓட்டுத் தையல் போட்டுப் போர்வையாக்குவதற்குக் கத்தரிக்கோலே அதிகம். கையால் கிழித்தாலே போதும். துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் குயில்ட் போர்வை அப்படியல்ல. நூறு சதுரம் வெட்டினால் நூறும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கால் அங்குலத் தையல் விளிம்பில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நூல் அளவு தவறினாலும், பத்தாவது வரிசையில் மூலைகள் சேராது. ஓல்ஃபா என்ற ஜப்பானிய நிறுவனம் 1979இல் ரோட்டரி கட்டரைக் கொண்டுவந்த பிறகு குயில்ட் தைப்பவர்கள் அதைக் கையைவிட்டு இறக்காததற்கு இதுதான் காரணம். நாலு அடுக்குத் துணியை ஒரே ஓட்டில் நூல் பிசகாமல் வெட்டித் தரும். அதே வேகத்தில் விரலையும் வெட்டும்.

எதை வாங்குவது

பிளேடு 18, 28, 45, 60 மில்லிமீட்டர் விட்டங்களில் கிடைக்கிறது. முதல் கட்டர் 45 ஆக இருக்கட்டும். 28 வளைவுகளுக்கு நல்லது. 60 தடித்த அடுக்குகளுக்கு. புதிதாகப் பழகுகிறவர் 60 வாங்குவதில் பயனில்லை.

பிளேடின் அளவைவிட, அது மூடிக்கொள்ளும் விதத்தைப் பாருங்கள். சிலவற்றில் உறையை நீங்களே தள்ளி மூட வேண்டும். சிலவற்றில் பொத்தானை அழுத்த வேண்டும். மூன்றாவது வகையில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் மட்டும் பிளேடு வெளியே வரும். பிடியைத் தளர்த்தினால் தானே உள்ளே போய்விடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால், அல்லது பால் பொங்குகிறதா, கேஸ்காரர் வந்தாரா என்று நடுவில் எழுந்து ஓடும் வாழ்க்கை என்றால், மூன்றாவது வகையே சரி. நாள் முழுக்க வெட்டினால் கை கொஞ்சம் வலிக்கும். வலிக்கட்டும்.

ஸ்கேலில்தான் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள். தையல் வகுப்பில் வாங்கிய மர எல்-ஸ்கேலோ, பள்ளிக்கூடத்துப் பிளாஸ்டிக் ஸ்கேலோ இதற்கு ஆகாது. மெல்லிய விளிம்பின் மேல் பிளேடு ஏறிவிடும். ஏறினால் அடுத்து இருப்பது உங்கள் விரல். மர ஸ்கேலின் ஓரத்தைப் பிளேடு சீவித் தள்ளும். இரும்பு ஸ்கேலில் உரசினால் பிளேடின் கூர் அப்போதே போய்விடும். குயில்ட் ஸ்கேல் என்பது சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள கெட்டியான அக்ரிலிக் பட்டை. 6 அங்குல அகலம், 24 அங்குல நீளம் உள்ளதை வாங்குங்கள். நீளத்தைக் குறைத்தாலும் அகலத்தைக் குறைக்காதீர்கள். விரல்கள் விளிம்பிலிருந்து தள்ளி உட்கார இடம் தருவது அந்த அகலம்தான்.

மூன்றாவதாக வாங்க வேண்டியது, துணிக்கு அடியில் விரிக்கும் பி.வி.சி. கட்டிங் மேட்; வெட்டுத் தடம் அதில் தானே மூடிக்கொள்ளும். கிரானைட் மேடை, டைல்ஸ், கண்ணாடி, மேசைப் பலகை எதிலும் நேரடியாக வெட்டக் கூடாது. கல்லில் பிளேடு பிடிமானம் இல்லாமல் வழுக்கும், முனையும் மழுங்கும். மேட் வெயிலுக்குப் பகை. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழேயோ, பூட்டிய காருக்குள்ளோ வைத்துவிட்டு வந்தால் நெளிந்துவிடும். நெளிந்த மேட்டின் மேல் ஸ்கேல் ஆடும். ஆடுகிற ஸ்கேல் நழுவும். கட்டிலுக்கு அடியில் தட்டையாகப் படுக்க வையுங்கள். சுருட்டி வைக்காதீர்கள், சூடான தேநீர் தம்ளரையோ இஸ்திரிப் பெட்டியையோ அதன் மேல் வைக்காதீர்கள்.

தரையில் உட்கார்ந்து வெட்டாதீர்கள்

சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. அம்மா தரையில் உட்கார்ந்துதான் ரவிக்கை வெட்டினார், நாமும் அப்படித்தான் பழகினோம். கத்தரிக்கோலுக்கு அது சரி. ரோட்டரி கட்டருக்குத் தோளின் எடை மேலிருந்து இறங்க வேண்டும். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அழுத்தம் கிடைக்காது, மணிக்கட்டை முறுக்கி அழுத்துவீர்கள். பிளேடு சறுக்கினால் முழங்காலும் பாதமும் அங்கேயே இருக்கின்றன. நின்றுகொண்டு வெட்டுங்கள். முழங்கையை மடக்கி நின்றால், மேசை அதற்கு ஒரு சாண் போலக் கீழே இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசை தாழ்வாக இருந்தால் அதன் கால்களுக்குக் கீழே மரக்கட்டை கொடுக்கலாம், ஆட்டிப் பார்த்து அசையவில்லை என்றால் மட்டும்.

நம் கைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அரிவாள்மனையில் கத்தி அசையாது, காய் பிடித்த கைதான் கத்தியை நோக்கிப் போகும். எங்கே நிறுத்துவது என்பது விரலுக்கே தெரியும். ரோட்டரி கட்டரில் எல்லாம் தலைகீழ். கை அசையாமல் இருக்கிறது, கத்தி வருகிறது. அடுப்படியில் தேர்ந்த கை என்ற தைரியம் இங்கே செல்லாது.

வெட்டத் தொடங்கும் முன் உங்களையே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முந்தானையையோ துப்பட்டாவையோ இழுத்துச் செருகி ஊக்குக் குத்துங்கள். கண்ணாடி வளையல்களைக் கழற்றி வையுங்கள்; அவை ஸ்கேலில் இடித்து அதை நகர்த்திவிடும். செருப்பை வாசலில் விடும் வீடுகளில் இதை வற்புறுத்தவே வேண்டும்: வெட்டும் நேரத்துக்கென்று முன்பக்கம் மூடிய ஒரு ஜோடி செருப்பை உள்ளே வைத்திருங்கள். கட்டர் கைநழுவினால் பிடிக்கப் போகாதீர்கள். கைகளைத் தூக்கிக்கொண்டு பின்வாங்குங்கள், விழட்டும். விழுகிற பொருளைத் தாவிப் பிடிப்பது கையின் இயல்பு. அதனால் இதை மூடிய கட்டரை வைத்து நாலைந்து தடவை பழகத்தான் வேண்டும்.

மின்விசிறி துணி ஓரத்தைத் தூக்கும். மேசைக்கு நேர் மேலே இருப்பதை நிறுத்துங்கள். நிறுத்தினால் வியர்க்கும்; வியர்த்த விரல் அக்ரிலிக்கில் நழுவும். ஒரு பருத்தித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் முன்பு விரல் நுனிகளைத் துடையுங்கள். வெட்டும்போது கரண்ட் போனால் கட்டரை நகர்த்தாமல் அங்கேயே மூடுங்கள். செல்பேசி வெளிச்சத்தில் அந்த வரிசையை மட்டும் முடித்துவிடலாம் என்ற ஆசை வரும். வேண்டாம்.

துணியைத் தயார் செய்தல்

கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பருத்தித் துணி காகிதம் போல் படுத்திருக்கும். சிந்தெடிக் சேலையும் பட்டும் ஸ்கேலுக்குக் கீழே வழுக்கும். பழகும்வரை பருத்தியிலேயே நில்லுங்கள். இரண்டு அடுக்கில் தொடங்கி, கை வசப்பட்ட பிறகு நாலுக்குப் போகலாம். 45 பிளேடு ஆறு அடுக்கையும் வெட்டும்தான், ஆனால் அதற்குக் கூடுதலாக அழுத்த வேண்டும். கூடுதலாக அழுத்துகிற இடத்தில்தான் கட்டுப்பாடு போகிறது.

துணியைக் கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். குண்டூசி, பழைய ரவிக்கையின் கொக்கி, ஜரிகை, சமிக்கி எல்லாமே பிளேடுக்கு எதிரிகள். பலரும் தவறவிடுவது ஸ்டேப்ளர் பின். கடையில் விலைச்சீட்டைத் துணி ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்துத்தான் தருகிறார்கள். சீட்டைக் கிழித்து எறிவோம், பின் துணியிலேயே இருக்கும். பிளேடு அதில் ஏறினால் எகிறும். எகிறும் திசை உங்கள் கையில் இல்லை.

இடது கை

இப்போது முக்கியமான இடம். ஸ்கேலை உள்ளங்கையை விரித்துத் தட்டையாக அமுக்காதீர்கள். உள்ளங்கையின் அழுத்தம் பரவிப் போய்விடும்; விரல் நுனிகளும் தெரியாமல் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். கையைக் கூடாரம் போல் உயர்த்தி, கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகளால் அழுத்துங்கள். பிளேடு ஓடும் விளிம்பிலிருந்து எல்லா நுனிகளும் குறைந்தது ஓர் அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். முக்கியமாகக் கட்டைவிரலைக் கவனியுங்கள். மற்ற விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிளேடு இருக்கும் பக்கம் மெல்ல விரிந்து போவது அதுதான்.

சுண்டுவிரலுக்குத் தனி வேலை. அதை ஸ்கேலுக்கு வெளியே, பிளேடு இல்லாத பக்கத்தில் இறக்கி, துணியின் மேல் ஊன்றி, பக்கவாட்டை ஸ்கேலின் விளிம்போடு ஒட்டி வையுங்கள். கட்டர் பக்கவாட்டில் தள்ளும்போது ஸ்கேல் இடதுபுறம் நகரப் பார்க்கும். சுண்டுவிரல் அதற்கு முட்டுக்கட்டை. இந்த ஒரு விரலை இறக்கிய பிறகு ஸ்கேல் நழுவுவது எவ்வளவு குறைகிறது என்பதை முதல் நாளே உணர்வீர்கள்.

24 அங்குல ஸ்கேலில் சிக்கல் தூரத்து முனையில் வரும். கை கீழ்ப்பகுதியை அழுத்திக்கொண்டிருக்க, பிளேடு மேலே போகப் போக மேல்முனை விசிறி போல் விலகும். விலகும்போது அதைத் திருத்த இடது கை அவசரமாக எட்டும். எட்டுகிற கை பிளேடின் பாதைக்குள் வருகிறது. அதனால் ஒரே மூச்சில் முழு நீளத்தையும் வெட்டாதீர்கள். பிளேடு உங்கள் கைக்கு நேராக வந்ததும் நிறுத்துங்கள். கட்டரைத் தூக்காமல், துணியில் ஊன்றியபடியே வைத்திருங்கள். அசையாத பிளேடும் ஸ்கேலை அந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். இப்போது இடது கையைச் சிலந்தி நடப்பது போல் ஒவ்வொரு விரலாக மேலே நகர்த்துங்கள். எல்லா விரல்களும் ஊன்றிய பிறகே மறுபடி ஓட்டுங்கள். எப்போதும் ஒன்று மட்டும் அசைய வேண்டும்: கட்டர் அல்லது கை.

ஸ்கேலின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன வட்டமாக வெட்டிய உப்புத்தாளை நாலு மூலையிலும் நடுவிலும் ஒட்டினால் பிடிமானம் கூடும். சொரசொரப்பான பக்கம் துணியைப் பார்த்து இருக்க வேண்டும். இதற்கென்றே சிலிக்கான் பொட்டுகளும் விற்கிறார்கள். உப்புத்தாள் அதே வேலையைச் செய்கிறது. ஆணி-கம்பிக் கடையில் ஒரு தாள் வாங்கினால் ஆயுளுக்கும் போதும்.

கையுறை போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆயத்த ஆடை ஆலையில் வெட்டும் பிரிவைப் பார்த்தவர்களுக்கு எஃகு வளையங்கள் கோத்த கையுறை தெரிந்திருக்கும். வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். வெட்டுத் தாங்கும் பின்னல் கையுறை போதும். உறையில் இஎன் 388 (EN 388) என்ற ஐரோப்பியத் தரக் குறியையும், அதோடு ஏ முதல் எஃப் வரையுள்ள எழுத்தையும் பாருங்கள். எழுத்து பின்னால் போகப் போகத் தாங்கும் திறன் கூடுதல். இடது கைக்கு மட்டும் போட்டால் போதும். தொளதொளவென்று இருந்தால் கழற்றிவிடுங்கள். சாதாரணப் பருத்திக் கையுறையும் ரப்பர் கையுறையும் பிளேடைத் தடுக்காது. நல்ல கையுறையும் காயத்தின் ஆழத்தைக் குறைக்குமே தவிர, விரலை ஓரத்துக்கு நீட்ட அனுமதி தராது.

வெட்டும் வரிசை

1. பிளேடு ஸ்கேல் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வலது கையால் வெட்டினால், கைப்பிடியின் இடதுபுறத்தில் பிளேடு இருக்க வேண்டும். இடது கைக்காரர்கள் கழற்றி மறுபக்கம் மாட்ட வேண்டும்; நேரான கைப்பிடி உள்ளவற்றில் இது எளிது.

2. கைப்பிடியின் முனை உள்ளங்கையில் பதியட்டும். ஆள்காட்டி விரலை மேல்பக்கத்து வரிப்பள்ளத்தில் நீட்டுங்கள். பக்கவாட்டில் சாயாமல், பிளேடு நட்டுக்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்த பிளேடுதான் ஸ்கேலின் மேல் ஏறுகிறது.

3. இடது கையை ஊன்றுங்கள். ஊன்றிய பிறகே பிளேடைத் திறங்கள்.

4. துணி தொடங்குவதற்குச் சற்று முன்பே, உங்களுக்கு அருகில் உள்ள ஓரத்தில் மேட்டின் மேல் பிளேடை வைத்து, ஸ்கேலோடு ஒட்டி, உங்களிடமிருந்து விலகும் திசையில் ஓட்டுங்கள். ஒரே ஓட்டு. ரம்பம் போல முன்னும் பின்னும் இழுக்காதீர்கள்.

5. குறுக்கே வெட்ட வேண்டுமென்றால் மேட்டைத் திருப்புங்கள், அல்லது மேசையைச் சுற்றிப் போங்கள். கையைக் குறுக்காக மடக்கி வெட்டுவது, கட்டரைத் தன் பக்கம் இழுப்பது, இரண்டும் கூடாது. ஓர் அங்குலம் மட்டும் விட்டுப்போனாலும் கூடாது.

6. மூடுங்கள். கட்டர் மேசையைத் தொடும் முன்பே மூடியிருக்க வேண்டும். துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு மூடலாம் என்றால், துணிக்கு அடியில் திறந்த பிளேடு ஒளிந்திருக்கும். அதைத் துழாவும் கை எதிலும் கவனமாக இருக்காது.

சுய உதவிக் குழுவிலோ வகுப்பிலோ பலர் சேர்ந்து வெட்டும்போது இன்னொரு ஆபத்து உண்டு. தன்னைவிட்டு விலக்கி வெட்டு என்றுதான் சொல்லிக் கொடுக்கிறோம். எதிரெதிரே நின்றால், ஒருவருக்கு விலகும் பிளேடு மற்றவரின் வயிற்றை நோக்கி வருகிறது. ஒரு மேட்டுக்கு ஒருவர். பக்கத்தில் நிற்கலாம், எதிரில் நிற்கக் கூடாது. "அக்கா, இந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது அழைத்தால், அவர் கட்டரை மூடிய பிறகு போங்கள். கட்டரை மூடினாலும் கைக்குக் கை கொடுக்காதீர்கள், மேசையில் வைத்தால் அவர் எடுத்துக்கொள்வார்.

மழுங்கிய பிளேடு

கூரான பிளேடுதான் ஆபத்து என்று நினைப்பவர்கள், மழுங்கியதைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டுகிறார்கள். கூரான பிளேடு தன் எடையோடு ஓடும். மழுங்கியதற்கு உடம்பின் பலத்தையெல்லாம் கொடுக்க வேண்டும். அந்தப் பலத்தோடு அது சறுக்கினால் நிறுத்த முடியாது. வெட்டிய இடத்தில் நூல்கள் விட்டுப்போனால், அதே வழியில் இரண்டாம் முறை ஓட்ட வேண்டியிருந்தால், பிளேடு மாற்றும் நாள் வந்துவிட்டது.

நூல் எங்கே விட்டுப்போகிறது என்று கவனித்தால் காரணமும் தெரியும். 45 மில்லிமீட்டர் பிளேடின் சுற்றளவு சுமார் 14 சென்டிமீட்டர். ஏறக்குறைய 14 சென்டிமீட்டருக்கு ஒருமுறை ஒரே மாதிரி விட்டுப்போனால் பிளேடின் ஓரிடத்தில் பல் உடைந்திருக்கிறது, பெரும்பாலும் குண்டூசியின் வேலை. தொடர்ந்து அங்கங்கே விட்டுப்போனால் முழுவதும் மழுங்கிவிட்டது. ஒரே இடத்தில், எப்போதும் மேட்டின் அதே கோட்டில் மட்டும் என்றால் குற்றம் பிளேடில் இல்லை. அங்கே மேட் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது.

மாற்றுவதற்கு வெள்ளைத் துண்டை விரித்து, கழற்றும் வரிசையிலேயே திருகு, வளைந்த வாஷர், நட்டு என்று அடுக்கி வையுங்கள். முதல் தடவை செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. வாஷரின் வளைவு எந்தப் பக்கம் என்பது எல்லோருக்கும் மறந்துபோகிறது. உறைக்குள் சேர்ந்த பஞ்சைத் துடையுங்கள். புதிய பிளேடுகள் எண்ணெய்ப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இரண்டைச் சேர்த்து மாட்டிவிடாதீர்கள், பிரிக்கும்போது பிய்க்கவும் செய்யாதீர்கள். தட்டையான பக்கத்தில் விரலை வைத்து ஒன்றை நகர்த்துங்கள். விளிம்பை விடுத்து, நடுத்துளையை ஒட்டியே பிடியுங்கள். நட்டை மிகவும் முறுக்கினால் பிளேடு உருளாமல் துணியை இழுக்கும். தளர விட்டால் ஆடும். கைப்பிடியைப் பிடித்து மேட்டில் ஓட்டிப் பார்த்து, தடையில்லாமல் உருளும் அளவில் நிறுத்துங்கள். மாட்டும்போது தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு.

பழைய பிளேடைக் குப்பைப் பையில் போட்டால், அதைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் வெட்டுப்படுவார். மூடியுள்ள ஒரு தகர டப்பாவில் உண்டியல் போல் கீறல் போட்டு, அதற்குள் போட்டு வாருங்கள். நிறைந்ததும் டேப் சுற்றி, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் கட்டர், புதிய பிளேடு, இந்த டப்பா மூன்றும் பூட்டு உள்ள பீரோவுக்குள் இருக்க வேண்டும். உயரமான அலமாரி போதாது, நாற்காலி போட்டு ஏறுகிற வயது உண்டு.

வெட்டுப்பட்டால்

முதலில் கட்டரை மூடுங்கள். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி, 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் நிற்காது. ஊறினால் அதே துணியின் மேல் இன்னொன்று வையுங்கள். மோதிரம் இருந்தால் விரல் வீங்கும் முன்பே கழற்றுங்கள். காப்பித் தூள், மஞ்சள் தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். தையல் போடும் முன் மருத்துவமனையில் அதையெல்லாம் கழுவ வேண்டியிருக்கும், வலி உங்களுக்குத்தான். சின்னக் காயம் என்றால், ரத்தம் நின்றதும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டுங்கள்.

ரத்தம் நிற்கவில்லை, காயத்தின் வாய் திறந்திருக்கிறது, விரலை மடக்கவோ நீட்டவோ முடியவில்லை, நுனி மரத்திருக்கிறது, மூட்டின் மேல் வெட்டியிருக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். ரத்தம் நின்றுவிட்டது என்று காத்திருக்காதீர்கள். நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சர்க்கரை நோயாளிகளும் சிறிய காயத்தையும் காட்டிவிட வேண்டும். கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டீர்கள் என்று கேட்பார்கள். பத்து ஆண்டுக்கு மேலாகியிருந்தால் மறுபடி போட வேண்டியிருக்கும்.

விரல் நுனி துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுங்கள். உப்புநீரிலோ சுத்தமான தண்ணீரிலோ நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராகத் தசையில் படக் கூடாது, தண்ணீரும் பைக்குள் போகக் கூடாது. 108ஐ அழையுங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமங்களில் இருப்பவர்கள், ஆம்புலன்ஸ் வந்து சேர ஆகும் நேரத்தையும் வீட்டு வண்டியில் போகும் நேரத்தையும் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். ஆனால் காயம்பட்டவர் தானே பைக் ஓட்டிப் போகக் கூடாது.

ரத்தம் பட்ட பிளேடைத் துடைத்து மறுபடி ஓட்டாதீர்கள், தகர டப்பாவில் போடுங்கள். துணியில் பட்ட கறையைப் பச்சைத் தண்ணீரில் உடனே அலசினால் போய்விடும். வெந்நீர் ஊற்றினால் நிலைத்துவிடும்.